அப்பாவுக்கு நாலரை ஸ்டார், அம்மாவுக்கு மூன்று: ஒரு ஹார்ட் ஃபெயிலியர் யூனிட் ரிவ்யூ

மதுரைப் பக்கம் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. பெயர் போடப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி எந்த ஊர் மருத்துவமனைக்கும் பொருந்தும், இவர்களை மட்டும் மாட்டிவிடுவது நியாயமில்லை. இங்கே இதய நோய்க்குத் தனி மாடி, அதில் ஹார்ட் ஃபெயிலியருக்கென்று தனி யூனிட், தனி கிளினிக் எல்லாம் உண்டு. முந்தின வருடம் அப்பாவை இங்கேதான் சேர்த்தோம். இந்த வருடம் அம்மாவை. இரண்டு பேருக்கும் ஃபைல் அட்டையில் எழுதியது ஒன்றேதான்: அக்யூட் ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் வேலையைச் சரியாகச் செய்யமுடியாமல் திடீரென்று நுரையீரலிலும் உடம்பிலும் நீர் தேங்குவது. அதே டாக்டர், அதே லிஃப்ட், அதே பில் கவுன்ட்டர். ஆனால் கிடைத்த சர்வீஸ் ஒன்றில்லை, அதைப் பற்றித்தான் இந்த ரிவ்யூ.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் மெடிக்கல் கோடிங் வேலையில் இருப்பவள், அதாவது இன்ஷூரன்ஸுக்காக நோய்க்கு உரிய கோட் எண்ணைப் போடுகிற வேலை. நாள் முழுக்க டிஸ்சார்ஜ் சம்மரி படிப்பதுதான் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நோண்டிப் பார்க்கிற புத்தி எனக்கு உண்டு.

முதலில் கேஷுவாலிட்டி. அப்பா வந்தது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. பழைய ஹார்ட் அட்டாக் ஆள், நாற்பது வருட பீடி, வேர்த்து ஊற்றியது, நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல். "செஸ்ட் பெயின்" என்று வாசலில் செக்யூரிட்டியிடம் சொன்னதுமே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, நான் சீட்டு போட்டுவிட்டு உள்ளே போவதற்குள் இ.சி.ஜி. எடுத்து முடித்திருந்தார்கள். இந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அவ்வளவு வேகம்.

அம்மாவுக்கு நெஞ்சு வலியே இல்லை. சில வாரமாக அசதி, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுவிடுவது, ராத்திரி படுத்தால் இருமல், தலையணையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சாய்ந்தபடி தூக்கம். தெருமுனை கிளினிக்கில் வீசிங் என்று நெபுலைசர் வைத்து, கூடவே கேஸ் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு விடியற்காலை உட்காரக்கூட முடியாமல் மூச்சு இழுத்தபோதுதான் இங்கே கொண்டுவந்தோம். "மூச்சுத் திணறல்" என்றேன். ட்யூட்டி டாக்டர், சின்னப் பையன், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம், "வீசிங் ஹிஸ்டரி இருக்கா?" என்று கேட்டார். கிளினிக்கில் அப்படித்தான் சொன்னார்கள் என்றதும் இங்கேயும் நெபுலைசர் மாஸ்க்தான் முதலில் வந்தது.

அப்போது ஒரு சிஸ்டர், கொஞ்சம் வயதானவர், பி.பி. பார்க்க வந்தவர் புடவைக் கரையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். மெட்டி இரண்டு பக்கமும் சதைக்குள் புதைந்து கிடந்தது, சுற்றிலும் தோல் மினுமினுவென்று இருந்தது. "ஏம்மா, மெட்டி எப்பயிருந்து இப்படி இறுக்கமா இருக்கு?" என்று கேட்டார். அம்மா மாஸ்க்குக்குள்ளிருந்தே, "ஒரு மாசமா இருக்கும்மா, வயசானா கால் வீங்கத்தானே செய்யும்" என்றாள். சிஸ்டர் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. பி.பி. இருநூறைத் தாண்டியிருந்தது. நேரே டாக்டரிடம் போய், "சார், இது வீசிங் மாதிரி தெரியல" என்றார். அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. இ.சி.ஜி.யில் துடிப்பு தாறுமாறு, அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளை. உடம்பில் தேங்கிய நீரை மூத்திரமாக வெளியேற்றும் லேசிக்ஸ் ஊசி போட்டு சி.சி.யு.வுக்கு, அதாவது இதய நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்றினார்கள். மெட்டியை சோப்புத் தண்ணீர் விட்டு அந்த சிஸ்டரே கழற்றி என் கையில் கொடுத்தார். கேஷுவாலிட்டிக்கு நான் போடுகிற ஸ்டார் முழுக்க அவருக்குத்தான்.

புடவை கட்டிய பெண்ணின் கால் வீக்கம் வீட்டில் யார் கண்ணிலும் படாது. லுங்கி கட்டிய அப்பாவின் கால் ஊருக்கே தெரியும்.

அம்மா சி.சி.யு.வில் இருந்தபோது உட்கார்ந்து படித்ததில் ஒன்று தெரிந்தது, இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் அட்ஹியர் என்று ஒரு பெரிய பதிவேடு, அக்யூட் ஹார்ட் ஃபெயிலியரில் மருத்துவமனைக்கு வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளின் விவரம் அதில் இருக்கிறது. அதில் பெண்கள் 52 சதவீதம். ஆண்களைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், ரத்தக்கொதிப்பு அதிகம், ரத்தக்குழாய் அடைப்பு குறைவு. முக்கியமாக, பெண்களில் பாதிப் பேருக்கு இதயத்தின் பம்பிங் நன்றாகவே இருந்தது, ஆண்களில் அப்படி இருந்தவர்கள் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மருத்துவமனையிலேயே இறந்துபோனவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. ஆக, பம்பிங் நன்றாக இருப்பதால் பெண்களுக்கு ஆபத்து குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி. திருவனந்தபுரத்தில் 2013-ஆம் ஆண்டு முழுக்க 18 மருத்துவமனைகளில் ஹார்ட் ஃபெயிலியரோடு சேர்ந்த 1,205 பேரைப் பதிந்தார்கள். அதில் 69 சதவீதம் ஆண்கள். சராசரி வயது 61, அமெரிக்கக் கணக்கைவிடப் பத்து வயதுக்கு மேல் இளமை. சேர்ந்தவர்களில் 8.5 சதவீதம் பேர் வீடு திரும்பவில்லை. பிறகு வந்த தேசியப் பதிவேட்டில் 53 மருத்துவமனைகள், 10,851 பேர், அதிலும் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழேதான். அங்கே பாதிக்குப் பாதி, இங்கே மூன்றில் ஒன்று. நம் ஊரில் இந்த நோயின் பெரும்பங்கு ஹார்ட் அட்டாக்கிலிருந்து வருகிறது, பீடி சிகரெட் ஆண்கள் பக்கம், அதனால் ஆண்கள் அதிகம் என்பது பாதி காரணம். மீதிப் பாதி என்னவென்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அம்மா ஒரு மாதம் மெட்டி இறுக்கத்தோடு அடுப்படியில் நின்றாளே, அந்த மாதிரிப் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் வரமாட்டார்கள்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன். சி.சி.யு. சுத்தம், ஏ.சி. கொஞ்சம் அதிகம், ஆட்கள் போதுமான அளவு. முதல் ராத்திரி மூச்சுக்கு அழுத்தத்தோடு காற்று தள்ளும் பைபாப் மாஸ்க் போட்டபோது காற்று ஒழுகி மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. அம்மாவுக்குச் சின்ன முகம். இருந்ததெல்லாம் மீடியம், லார்ஜ். மூக்குத்தி வேறு, திருகு இறுகிப்போய்க் கழற்ற வரவில்லை, ஒரு வழியாக எண்ணெய் விட்டுக் கழற்றினார்கள். கொண்டையையும் அவிழ்த்துப் பின்னிய பிறகுதான் பெல்ட் சரியாக உட்கார்ந்தது. ஸ்மால் சைஸ் மாஸ்க் கீழ் மாடி ஐ.சி.யு.விலிருந்து வரும்வரை அந்த மாஸ்க்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்ற ஸ்டாஃப் நர்ஸுக்கு நன்றி. ஆனால் இவ்வளவு பெரிய யூனிட்டில் ஒரு சின்ன மாஸ்க் வாங்கி வைப்பதற்கு என்ன கேடு?

மறுநாள் எக்கோ, அதாவது இதய ஸ்கேன். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அப்பாவுக்கு எக்கோ பார்த்தபோது டாக்டர் எங்களை உட்காரவைத்து, "பம்பிங் 30 பர்சென்ட்தான் இருக்கு, நார்மல்னா 55க்கு மேல இருக்கணும்" என்று படம் போட்டு விளக்கினார். பம்பிங் என்றால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பது. வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்தது, பயம் வந்ததால் பீடி நின்றது, மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. அம்மாவுக்கு எக்கோ பார்த்தவர் வெளியே வந்து, "பம்பிங் நார்மல், 58 இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் உடனே சித்தி மாமா எல்லோருக்கும் போன் போட்டு, ஹார்ட்டில் ஒன்றும் இல்லையாம் என்று சொல்லிவிட்டான். நுரையீரல் நிறையத் தண்ணீரோடு ஒருத்தி உள்ளே கிடக்கிறாள், ஹார்ட்டில் ஒன்றும் இல்லையாம்!

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது பிடித்து நிறுத்திக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் நடந்துகொண்டே இருப்பார். இதயம் சுருங்குவது சரியாக இருக்கிறது, விரிவதுதான் சரியில்லை என்றார். பல வருட பி.பி.யில், சுகரில், வயதில் இதயச் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. விரியாத அறைக்குள் ரத்தம் நிறைய முடியாமல் பின்னால் தேங்குகிறது, தேங்கிய அழுத்தத்தில் நுரையீரலுக்குள் நீர் கசிகிறது. அதோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்தால் மேல் அறை தள்ளிவிடுகிற கொஞ்சநஞ்ச ரத்தமும் போச்சு. "லேடீஸ்ல, அதுவும் எழுபதுக்கு மேல, இந்த டைப்தான் நாங்க அதிகம் பாக்குறோம்மா" என்றார். அதிகம் பார்க்கிற டைப்பை ஏன் யாரும் உட்காரவைத்து விளக்கவில்லை என்று கேட்க வாய் வந்தது, அதற்குள் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று ஸ்டாருக்கு முக்கியக் காரணம் இனிமேல்தான் வருகிறது, வார்டு.

ஹார்ட் ஃபெயிலியர் வார்டில் ஒரு நாள் என்றால் அது மூத்திரக் கணக்குதான். வெட்கப்பட ஒன்றும் இல்லை, அதுதான் சிகிச்சையே. லேசிக்ஸ் போட்டால் அரை மணிக்கொரு தடவை போகும், எவ்வளவு போனது, எவ்வளவு குடித்தார், காலையில் எடை என்ன, இந்த மூன்றையும் பார்த்துத்தான் அடுத்த டோஸ் முடிவாகிறது. அப்பாவுக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. கட்டில் கம்பியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பாட்டில் தொங்கும், படுத்தபடியே போவார், சிஸ்டர் எடுத்து 250, 300 என்று சார்ட்டில் எழுதுவார். சார்ட் கண்ணாடி மாதிரி துல்லியம்.

பெண்கள் வார்டில் சி.சி.யு.வில் போட்டிருந்த மூத்திரக் குழாயை (கதீட்டர்) எடுத்துவிட்டார்கள், அது சரிதான், வைத்திருந்தால் இன்ஃபெக்‌ஷன் வரும். ஆனால் அதற்குப் பதில் என்ன? பெட்பேன். ஒரு பெட்பேன் வேண்டுமென்றால் ஆயாம்மா வர வேண்டும், அவர் இரண்டு வார்டுக்கும் ஒரே ஆள். லேசிக்ஸுக்கு ஆயாம்மா வரும்வரை காத்திருக்கத் தெரியாது. அதனால் எல்லாப் பெண்களும் செய்வதைத்தான் அம்மாவும் செய்தாள், ட்ரிப் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வார்டின் கடைசியில் இருக்கிற பாத்ரூமுக்கு நடந்து போய் வந்தாள். போனது எவ்வளவு? யாருக்குத் தெரியும். சிஸ்டர் ஷிஃப்ட் முடிவில் வந்து, "அம்மா எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டு, அம்மா சொல்கிற எண்ணிக்கையைத் தோராயமாக மில்லியாக மாற்றி எழுதிவிட்டுப் போவார். பக்கத்துப் பெட் பாட்டி, பாத்ரூமுக்கு நடக்கப் பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டு, சிஸ்டரிடம் "நல்லா போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எடையும் அப்படித்தான், ஒரு நாள் நைட்டி, மறுநாள் புடவை, ஸ்வெட்டர். அரைக் கிலோ கூடினதா குறைந்ததா என்று பார்க்கிற இடத்தில் துணி எடையே முக்கால் கிலோ. கடைசியில் நானே கீழே மெடிக்கல் ஷாப்பில் ஒரு அளவு ஜக்கும் பிளாஸ்டிக் டப்பும் வாங்கி வந்து அளந்து ஒரு நோட்டில் எழுதினேன். அன்று ரவுண்ட்ஸில் டாக்டர் சார்ட்டை விட்டுவிட்டு என் நோட்டைத்தான் பார்த்தார்.

அப்புறம் ராத்திரி அட்டெண்டர் ரூல். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண் தங்கக் கூடாது. ரூல் சரி, நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆண்கள் வார்டில் அம்மா தங்கினாள், யாரும் எதுவும் கேட்கவில்லை, அங்கே எல்லாக் கட்டிலுக்கும் கீழே ஒரு மனைவி பாய் விரித்துப் படுத்திருந்தார். இங்கே எதிர்க் கட்டில் அம்மாவுக்கு இரண்டு மகன்கள், இருவரும் தங்கத் தயார், விடமாட்டார்கள். மருமகளுக்குக் கைக்குழந்தை. ராத்திரி அவர் தனியாகத்தான் கிடந்தார், தண்ணீர் டம்ளர் எடுத்துக் கொடுக்கக்கூட நானோ பக்கத்துப் பெட் அட்டெண்டரோதான் எழுந்திருக்க வேண்டும். ஆளை விடமாட்டேன் என்று ரூல் போட்டால் அந்த வேலையைச் செய்ய ஆள் போட வேண்டாமா?

டயட்டீஷியன் விஷயம் இன்னும் ஜோர். அப்பா அட்மிட் ஆனபோது டயட்டீஷியன் வந்து அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அம்மாவைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஒரு நாளைக்கு உப்பு ஒரு டீஸ்பூனுக்குள்ள இருக்கணும், ஊறுகா அப்பளம் கருவாடு கூடாது, ரசம் மோர் காபி எல்லாம் தண்ணிக் கணக்குல வரும், மொத்தம் ஒன்றரை லிட்டர்தான் தரணும்" என்று எழுதியே கொடுத்தார். அம்மா அன்றிலிருந்து இரண்டு குழம்பு வைத்தாள், அவருக்குத் தனி, எங்களுக்குத் தனி. இந்த வருடம் அதே டயட்டீஷியன், அதே அச்சடித்த தாள். இந்தத் தடவை அதை யாரிடம் கொடுத்தார்? கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடமே. "உப்பைக் குறைச்சுச் சமைச்சுக்கோங்கம்மா." அப்பா பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் போய், "மேடம், இனிமே அப்பாதான் சமைக்கணும், அவர்கிட்ட சொல்லுங்க" என்றதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. ஆனால் பிறகு முழுசாக அப்பாவுக்கு விளக்கினார், குக்கரில் பருப்புக்கு உப்பு போடாமல் வேகவைத்துக் கடைசியில் தட்டில் அளந்து போட்டுக்கொள்வது வரைக்கும். அதற்கு ஒரு ஸ்டார் திரும்பக் கொடுக்கிறேன்.

ஃபிசியோதெரபியும் அப்படியே. அப்பாவை வராந்தாவில் நடக்கவைத்து, வீட்டில் எவ்வளவு நடக்கலாம் என்று தாள் கொடுத்து, இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பான ரீஹேப் கிளாஸுக்குப் பெயரும் பதிந்தார்கள். அம்மாவிடம் வந்த பையன், "வீட்டு வேலை செய்வீங்கள்ல, அதுவே போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தேடிப் பார்த்தால் உலகம் முழுக்கவே பெண்களை ரீஹேபுக்கு அனுப்புவது குறைவு என்று ஆய்வு ஆய்வாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வார்டில் அதை நேரிலேயே பார்த்தாயிற்று.

வார்டில் இருந்த முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா இருந்த வார்டில் யாரைக் கேட்டாலும் ஒரே கதை: அட்டாக், ஸ்டென்ட் அல்லது பைபாஸ், பிறகு பம்பிங் குறைவு. பெண்கள் வார்டில் கட்டிலுக்குக் கட்டில் வேறு கதை. ஒருவருக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் வால்வு சுருங்கிப்போய் இப்போது ஐம்பதில் நீர் கோர்த்திருந்தது. ஒரு சின்னப் பெண், குழந்தை பிறந்து ஒரு மாதம்தான், பிரசவத்தை ஒட்டி இதயத் தசை பலவீனமாவது என்று ஒரு வகை, பிரசவத்துக்கு முந்தைய கடைசி மாதத்திலிருந்து பிறகு ஐந்து மாதம் வரை வரக்கூடியது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் மூச்சு வாங்கும்" என்று வீட்டில் விட்டுவிட்டார்களாம். அந்தப் பெண் விஷயத்தில் யூனிட்டைப் பாராட்டியே ஆக வேண்டும். மகப்பேறு டாக்டர் தினமும் மேலே வந்தார், அடுத்த கர்ப்பம் பற்றிக் கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்துக் கறாராகப் பேசினார், குழந்தைக்குக் கீழே நர்சரியில் இடம் கொடுத்தார்கள்.

மாத்திரைகள். அப்பாவுக்கு நாலு வகை எழுதினார்கள், பம்பிங் குறைந்தவர்களுக்கு அதுதான் இப்போது வழக்கம். அதில் ஸ்பைரோனோலாக்டோன் என்கிற மாத்திரை போட்ட சில மாதத்தில் அப்பாவுக்கு மார்பு வீங்கி வலி எடுத்தது, யாரிடமும் சொல்லாமல் உள் பனியனை மாற்றிக்கொண்டே திரிந்திருக்கிறார். அந்த மருந்தின் பெரிய ஆய்வு 1999-இல் வந்தது, அதிலேயே ஆண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு இப்படி ஆனதாக இருக்கிறது. கிளினிக்கில் சொன்னதும் அதே வகையைச் சேர்ந்த எப்ளெரினோனுக்கு மாற்றிவிட்டார்கள், சரியாகிவிட்டது.

அம்மாவுக்கு டாபாக்ளிஃப்ளோசின், பி.பி. மாத்திரை, நீர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. டாபாக்ளிஃப்ளோசின் பம்பிங் நார்மலாக இருக்கிற வகையிலும் ஆண் பெண் இருவருக்கும் வேலை செய்கிறது, காப்புரிமை முடிந்த பிறகு விலையும் இறங்கிவிட்டது, நல்ல விஷயம். ஆனால் சிறுநீரில் சர்க்கரை போவதால் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம் என்று வார்டில் ஒரு ஆளும் சொல்லவில்லை. வந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். கிளினிக் சிஸ்டர் கண்டுபிடித்து க்ரீம் கொடுத்து, எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்ன பிறகுதான் திரும்ப ஆரம்பித்தாள். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

துடிப்பைக் கட்டுப்படுத்துகிற டிஜாக்சினும் அம்மாவுக்கு எழுதியிருந்தார்கள். 1997-இல் வந்த அந்த மருந்தின் பெரிய ஆய்வை 2002-இல் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்ட பெண்களில் இறப்பு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது என்று படித்திருந்தேன். பெரிய டாக்டரிடம் கேட்டேன். முகம் சுளிக்காமல், அது பம்பிங் குறைந்தவர்களிடம் செய்த ஆய்வு, அம்மாவுக்குத் துடிப்பைக் கட்டுப்படுத்தத்தான் கொடுக்கிறேன், இருந்தாலும் உடம்பு சின்னது, கிட்னியும் சுமார், அரை மாத்திரை போதும், ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்வோம் என்றார். இந்தப் பதிலுக்காகவே அவரிடம் திரும்பப் போவேன். 2019-இல் ஐரோப்பாவில் வந்த ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் காட்டுகிறது: பம்பிங் குறைந்த பெண்கள் ஏ.சி.இ. மாத்திரை (ரத்தக்குழாயைத் தளர்த்துவது), பீட்டா பிளாக்கர் (துடிப்பைக் குறைப்பது) இரண்டிலும் சிபாரிசு செய்த அளவில் பாதியிலேயே நல்ல பலன் அடைந்தார்கள், ஆண்களுக்கு முழு அளவு தேவைப்பட்டது. மருந்து ஆய்வுகளில் சேர்த்த ஆட்களில் பெரும்பாலும் நாலில் ஒருவர்தான் பெண் என்னும்போது அந்த அளவுகள் யாருக்குத் தைத்த சட்டை என்று யோசிக்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ். என் தொழில் விஷயம் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். அப்பாவின் கோட் ஐ50.21, அக்யூட், பம்பிங் குறைந்த வகை. ஒரு கேள்வியும் இல்லாமல் கேஷ்லெஸ் பாஸ் ஆனது. அம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ஐ50.9 என்று போட்டு அனுப்பியிருந்தார்கள், எந்த வகை என்று சொல்லாத ஹார்ட் ஃபெயிலியர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம் பார்க்கிற டி.பி.ஏ.விலிருந்து திரும்பி வந்த கேள்வி: எக்கோவில் பம்பிங் நார்மல் என்றிருக்கிறதே, அட்மிஷன் எதற்கு? நான் டெஸ்க்குக்குப் போய், இது ஐ50.31, அக்யூட் டயஸ்டாலிக், எக்ஸ்ரேயையும் என்.டி. புரோ பி.என்.பி. (ஹார்ட் ஃபெயிலியரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்கள் என்றேன். அந்தப் பெண் உடனே டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு மாற்றி அனுப்பினார், சாயங்காலமே பாஸ். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லா வீட்டிலும் கோடிங் தெரிந்த மகள் இருக்கமாட்டாள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு வாரம் ஒரு நாள் ஹார்ட் ஃபெயிலியர் கிளினிக். இது உண்மையிலேயே நல்ல சர்வீஸ். தனி நர்ஸ், தனி போன். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறார்கள், கூப்பிட்டால் எடுக்கிறார்கள், நீர் மாத்திரையை எப்படிக் கூட்டுவது என்று அங்கேயே சொல்கிறார்கள். ஒரே ஒரு கோளாறு, அம்மாவின் ஃபைலில் தொடர்பு எண் என்று அப்பாவின் நம்பரை எழுதிவிட்டார்கள். ரிமைண்டர் எல்லாம் அவர் போனுக்குப் போய், அவர் எந்த மெசேஜையும் திறப்பதில்லை என்பதால், முதல் செக்கப்பே தவறியது. அம்மாவுக்கென்று சொந்தப் போன் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் எங்களைவிட வேகம்.

கணக்கு: அப்பாவுக்கு நாலரை. அம்மாவுக்கு மூன்று, அதுவும் அந்த கேஷுவாலிட்டி சிஸ்டர், பெரிய டாக்டர், கிளினிக் நர்ஸ் மூன்று பேருக்காக. வீட்டுப் பெண்களை இங்கே சேர்ப்பதாக இருந்தால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அளவு ஜக் கையோடு கொண்டு போங்கள், ராத்திரி தங்க ஒரு பெண்ணை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், எக்கோவில் பம்பிங் நார்மல் என்றால் "அப்போ விரியறது எப்படி இருக்கு?" என்று கேளுங்கள், ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு ரத்தம் ஒன்பதுதான் இருந்தது, ரிப்போர்ட்டில் சிவப்பில் அடித்திருந்தும் சம்மரியில் ஒரு வார்த்தை இல்லை.

இதையெல்லாம் ஃபீட்பேக் ஃபார்மில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். போன செக்கப்பில் வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்தபோது பெண்கள் பாத்ரூமில் அளவுப் பாத்திரம் வாங்கி வைத்திருந்தார்கள், கட்டில் நம்பர் ஒட்டி. ஸ்மால் மாஸ்க்கும் வந்துவிட்டதாம். ராத்திரி அட்டெண்டர் ரூல் அப்படியேதான் இருக்கிறது. கேன்டீனில் உப்பில்லாத சாப்பாடு கேட்டால் இன்னமும் தயிர் சாதத்தோடு ஊறுகாய் வைத்துத்தான் தருகிறார்கள்.